ஐந்துலக வகைப்பாடு: அட்டவணையை ஒப்பிக்கிறார்கள், காளானைச் செடி என்கிறார்கள்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். டெல்டாப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வகைப்பாட்டியல் பாடம் நெருங்குகிறது. அதை நினைத்தாலே எனக்குச் சலிப்புத் தட்டுகிறது. ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தவர் விட்டேக்கர், 1969, மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள் என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். தேர்வில் அட்டவணையைப் பிசகாமல் நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். மழை பெய்த மறுநாள் வைக்கோல் போரடியில் முளைத்த காளானைக் கொண்டுவந்து காட்டி "இது எந்த உலகம்?" என்றால், "செடி, டீச்சர்." பாக்டீரியா என்றால் என்ன? "கண்ணுக்குத் தெரியாத பூச்சி." பவளம்? "கல்."

செல்லின் அமைப்பு, உடல் அமைப்பு, உணவூட்ட முறை, இனப்பெருக்கம், பரிணாம உறவு என்று வகைப்பாட்டின் அடிப்படைகள் ஐந்தையும் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் கொட்டாவி தொடங்கிவிடுகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாக்டீரியா போன்ற, உட்கரு இல்லாத மொனிராவை அவர்கள் கண்டதில்லை, உட்கரு உள்ள, பெரும்பாலும் ஒரே செல்லான புரோட்டிஸ்டாவையும் கண்டதில்லை.

கையிருப்பு இதுதான்: கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்கும் பழைய கூட்டு நுண்ணோக்கி ஒன்று, கைலென்சுகள் சில, கண்ணாடித் தகடுகள். பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? யூக்ளினா என்ற ஒரு செல் உயிரி பச்சையாக இருக்கிறது, நீந்தவும் செய்கிறது. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? கொரோனாவுக்குப் பிறகு "வைரஸ் எந்த உலகம்?" என்று கேட்காத வகுப்பே இல்லை. இன்னொன்று: ஐந்துலகமே பழசாகிவிட்டது என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

என் பாடமில்லை. ஆனாலும் அறிவியல் ஆசிரியர் விடுப்பில் போனபோது இந்தப் பாடம் என் தலையில் விழுந்தது. மொ, புரோ, பூ, தா, வி என்று முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு மந்திரம் போலச் சொல்ல வைத்தேன். பிறகு உயிரிகளின் பெயர் எழுதிய அட்டைகளைக் கொடுத்துக் குழுக்குழுவாகப் பிரிக்கச் சொன்னேன். வகுப்பு கலகலப்பாக இருந்தது. தேர்விலும் எல்லோரும் எழுதினார்கள்.

மரபியல் எழுதியது:

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு யோசனை. தொல்காப்பியத்தின் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்திருப்பதைப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் கேட்டிருப்பார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை போன்றவை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று போகும். வகைப்படுத்தும் எண்ணம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று தொடங்கினால் பிள்ளைகளுக்கு ஓர் ஒட்டுதல் வருமல்லவா?

பழைய நுண்ணோக்கி எழுதியது:

மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாடத்தை நடத்தும் முறைமேல் எனக்குப் பழைய ஆத்திரம் ஒன்று உண்டு. ஆகவே நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. மந்திரத்தால் ஐந்து பெயர் நினைவில் நிற்கும். டீச்சரின் பிள்ளைகளுக்கு நினைவாற்றலில் குறையே இல்லையே. குறை வேறிடத்தில் அல்லவா இருக்கிறது? பெயர் எழுதிய அட்டை என்பதும் இன்னொரு மனப்பாடம்தான். "ரைசோபஸ்" என்று எழுதிய அட்டையைப் பூஞ்சைக் குவியலில் போடும் பிள்ளைக்கு, வீட்டில் ஊசிப்போன சப்பாத்திமேல் பூத்திருப்பது அதுதான் என்று தெரியாது.

அம்மா, அட்டவணையைக் கடைசி வகுப்பு வரை திறக்காதீர்கள். அது ஒரு வழக்கின் தீர்ப்பு. யாருக்கும் யாருக்கும் என்ன தகராறு என்று சொல்லாமல் தீர்ப்பை மட்டும் வாசித்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? தகராற்றிலிருந்து தொடங்குங்கள். இருக்கிற உலகங்களுக்குள் அடங்க மறுத்த உயிரி ஒன்று வந்து நின்றபோதெல்லாம்தான் புதிதாக ஓர் உலகம் பிறந்தது. 1735 இல் லின்னேயஸ் உயிர்களுக்கு இரண்டே உலகம் வைத்தார், தாவரம் ஒன்று, விலங்கு ஒன்று. மூன்றாவதாகக் கற்களுக்கும் ஓர் உலகம் கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள், பவளத்தைக் கல் என்ற பிள்ளை நிமிர்ந்து உட்காரும். நுண்ணோக்கியில் தெரிந்தவை இரண்டிலும் அடங்காமல் முரண்டு பிடித்தபோது 1866 இல் ஹெக்கல் புரோட்டிஸ்டாவைப் பிரித்தார். உட்கருவே இல்லாதவற்றை அவற்றோடு சேர்த்து வைப்பது சரியில்லை என்று 1938 இல் கோப்லாண்ட் மொனிராவைத் தனி உலகமாக்கினார். பூஞ்சைகளைத் தாவரங்களிடமிருந்து மீட்டுத் தனி உலகமாக வைத்து, விட்டேக்கர் 1969 இல் ஐந்தாக்கினார். வரலாறு இவ்வளவு போதும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

காளானைச் செடி என்ற பிள்ளையைத் "தப்பு" என்று உட்கார வைத்துவிடாதீர்கள். லின்னேயஸும் அதைத் தாவரத்தில்தான் வைத்திருந்தார். நான் கல்லூரியில் படித்த காலத்திலும் பூஞ்சைகள் தாவரவியல் புத்தகத்தில் தாலோபைட்டா என்ற தலைப்பில் பாசிகளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தன. "ஏன் செடி என்கிறாய்?" என்று கேளுங்கள். "மண்ணில் முளைக்கிறது, நகரவில்லை" என்பான். அவன் மனத்தில் இருக்கும் அளவுகோல் நகர்வு. அதை உடைக்காமல் மேலே போக முடியாது. பவளம் நகர்வதில்லை. கடற்பஞ்சு நகர்வதில்லை. இரண்டும் விலங்குகள். மண்டபம், இராமேசுவரம் பக்கம் உறவினர் இருந்தால் கரையில் ஒதுங்கிய காய்ந்த கடற்பஞ்சு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். தட்டில் வைத்து வகுப்பைச் சுற்றி அனுப்பினால் போதும்.

நகர்வு போனால் எதை வைத்துப் பிரிப்பது? சாப்பாட்டை வைத்து. விட்டேக்கர் சூழலியலாளர். காட்டில் யார் உணவு ஆக்குகிறார்கள், யார் தின்கிறார்கள், யார் மக்கச் செய்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. பல செல் உயிரிகளில் அவர் கண்ட பிரிவும் அதுதான். வெயிலில் தானே ஆக்கிக்கொள்வது தாவரம். வாயால் உள்ளே வாங்கி, உள்ளே செரிப்பது விலங்கு. செரிமான நீரை வெளியே விட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சுவது பூஞ்சை. உங்கள் ஐந்து அடிப்படைகளில் உணவூட்ட முறையை இப்படிப் பிடித்துக்கொண்டால் மூன்று பெரிய உலகங்கள் ஒரே பாடவேளையில் நின்றுவிடும். இனப்பெருக்கத்தையும் பரிணாம உறவையும் ஏழாம் வகுப்பில் தொட்டுவிட்டுப் போனால் போதும் என்பது என் கட்சி.

இதைக் கண்ணால் காட்டலாம். மீந்த சப்பாத்தித் துண்டில் தண்ணீர் தெளித்து, சன்னல் கட்டையில் ஒரு தடவை தேய்த்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அலமாரிக்குள் வையுங்கள். கடை பிரெட்டில் பூஞ்சை வராமலிருக்க மருந்து சேர்த்திருப்பார்கள், நாளாகும். சில நாளில் வெள்ளை இழையும் அதன்மேல் குண்டூசித் தலை போன்ற கரும்புள்ளிகளும் வரும். பையைத் திறக்கவே கூடாது. வித்துகள் மூச்சில் ஏறினால் இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. வெளியிலிருந்தே கைலென்சால் பார்க்கட்டும். இழை ஓடிய இடத்தில் சப்பாத்தி நைந்து ஈரமாகிக் குழைந்திருக்கும், இழை எட்டாத இடம் அப்படியே இருக்கும். "வாய் எங்கே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.

கூடவே ஒரு செய்தி. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதே கைட்டின். செடியின் செல்சுவர் செல்லுலோஸ். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது பூஞ்சைகள் செடிகளைவிட நமக்கே நெருங்கிய உறவு என்றும் தெரிந்துவிட்டது. படர்தாமரைக்கு மாத்திரை எழுதுவதில் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம்: பூஞ்சையின் செல்லைத் தாக்கும் மருந்து நம் செல்லையும் பதம் பார்க்கலாம். படர்தாமரை தெரியாத வகுப்பு உண்டா?

எதிர்ப்பக்கத்துக்கு அம்மையார் கூந்தல். வேலியில் மஞ்சள் நூலாகப் படர்ந்திருக்குமே, அதுதான். இலை இல்லை, பச்சையம் கிட்டத்தட்ட இல்லை, பக்கத்துச் செடியை உறிஞ்சிப் பிழைக்கிறது. ஆனாலும் அது பூக்கிறது, விதை கட்டுகிறது, தாவரம்தான். "பச்சையாக இல்லாததெல்லாம் பூஞ்சை" என்ற அவசர முடிவுக்கு ஒரு பிள்ளையாவது வந்திருக்கும். அப்போது இதை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

இனி மொனிரா. தயிரில் பாக்டீரியா காட்டுகிறேன் என்று இறங்காதீர்கள். சாயம் போட்டாலும் உங்கள் நுண்ணோக்கியில் தூசி போலத்தான் தெரியும். நாம் சொல்வதைப் பிள்ளைகள் நம்ப வேண்டியிருக்குமே தவிர, அவர்கள் காண மாட்டார்கள். டெல்டாவில் இருந்துகொண்டு தயிர் எதற்கு? தண்ணீரில் மிதக்கும் சிறு பெரணி, அசோலா இருக்கிறதே. மாட்டுத் தீவனத்துக்குத் தொட்டி கட்டி வளர்க்கும் வீடு ஒன்றாவது பக்கத்தில் இருக்கும். ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் சொட்டுத் தண்ணீரில் வைத்து, இலைச் செதில்களை மட்டும் ஊசியால் பிய்த்துப் போட்டு, மேல்தகட்டை மூடி, பென்சிலின் பின்முனையால் மெல்ல அழுத்துங்கள். இலைக்குள் இருக்கும் சிறு குழியிலிருந்து மணிமாலைகள் பிதுங்கி வெளியே வரும். அதுதான் அனபீனா, மொனிராவைச் சேர்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. முதலில் பத்து மடங்கு லென்சில் தேடிப் பிடித்து, பிறகு நாற்பதுக்கு மாற்றுங்கள். மாலையில் இடையிடையே ஒரு மணி மட்டும் கொஞ்சம் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு இருக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற உரமாக மாற்றுவது அந்த மணி. வயலில் அசோலா விடச் சொல்வது அதற்காகத்தான்.

அதே பாடவேளையில் வெங்காயத் தோலில் அயோடின் சொட்டு விட்டு இன்னொரு தகடு தயார் செய்யுங்கள். வெங்காயச் செல்லில் உட்கரு புள்ளியாகத் தெரியும். அனபீனாவில் எவ்வளவு தேடினாலும் தெரியாது, ஏனென்றால் இல்லை. மொனிராவுக்கும் மற்ற நான்குக்கும் நடுவிலுள்ள கோடு இதுதான். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை.

யூக்ளினாவைப் பற்றிக் கேட்டீர்கள். விலங்கியல்காரர்களும் அதைத் தங்கள் புத்தகத்தில் வைத்திருந்தார்கள், நாங்களும் எங்கள் புத்தகத்தில் வைத்திருந்தோம். வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும்; இருட்டில் வைத்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் உணவை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பங்காளிச் சண்டையை அப்படியே வகுப்பில் நடத்துங்கள். பாதிப் பேர் செடிக் கட்சி, பாதிப் பேர் விலங்குக் கட்சி. அது முற்றும்போது "ஹெக்கலுக்கும் இதே தலைவலிதான்" என்று சொல்லிப் புரோட்டிஸ்டாவுக்குள் நுழையலாம். ஒளிவுமறைவில்லாமல் இதையும் சொல்லிவிடுங்கள்: புரோட்டிஸ்டா என்பது ஒரே குடும்பம் அல்ல. உட்கரு உண்டு, ஆனால் செடி, விலங்கு, பூஞ்சை எதிலும் அடங்கவில்லை என்றவற்றையெல்லாம் சேர்த்து வைத்த இடம் அது. வைக்கோலை வேகவைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி ஒரு வாரம் வைத்தால் பாரமீசியம் என்ற நீந்தும் ஒரு செல் புரோட்டிஸ்டா கிடைக்கும். தகட்டில் பஞ்சிழை இரண்டு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்கு அகப்படாமல் ஓடிவிடும்.

வைரஸுக்கு விடை எளிது. முதல் கேள்வியே "செல் எப்படி இருக்கிறது?" என்பது, அதற்குச் செல்லே இல்லை. ஆகவே ஐந்தில் எதிலும் சேர்க்கவில்லை. 1935 இல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமாகக் கிடந்ததை எடுத்து இலையில் தடவினால் மறுபடி நோய் வந்தது. உயிரா, பொருளா என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். தோட்டத்தில் வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் வந்திருந்தால் ஓர் இலையைப் பறித்து வாருங்கள், வைரஸ் என்றாலே கொரோனா என்ற நினைப்பு மாறும்.

ஐந்துலகம் பழசு என்பது உண்மை. 1977 இல் ஊஸ், ஃபாக்ஸ் இருவரும் செல்லில் புரதம் ஆக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மொனிராவுக்குள் கிடந்த ஒரு கூட்டம் மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து வெகுதூரம் விலகியது என்று காட்டினார்கள். அதுதான் ஆர்க்கியா. சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் உண்டாக்குபவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மாட்டின் வயிற்றிலும் உண்டு, நீர் நிற்கும் நெல்வயலிலும் உண்டு. 1990 முதல் எல்லா உயிர்களையும் மூன்று பெரும்பிரிவாகச் சொல்லும் முறை வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் "தகராறு இன்னும் முடியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்தாவது உலகத்தோடு கதை முடிந்தது என்று சொன்னால்தான் பொய்.

மரபியல் ஐயாவுக்கு: நல்ல யோசனை. பெருமை பேச மட்டும் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அளவுகோல் மாறினால் கூட்டணி மாறும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அறிவை வைத்துப் பிரித்தால் எறும்பு ஒரு வகுப்பு, தும்பி இன்னொரு வகுப்பு, தும்பிக்குத் துணை நண்டு. உடலமைப்பை வைத்துப் பிரித்தால் எறும்பும் தும்பியும் பூச்சிகள், நண்டு தூரத்துச் சொந்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு "ஏன் மாறியது?" என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

வடமராட்சி எழுதியது:

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தரம் 10 இல் ஆர்க்கியா, பற்றீரியா, யூக்கரியா (உட்கரு உள்ளவை) என்ற மூன்று பேரிராச்சியங்களில், அதாவது ஐயா சொன்ன மூன்று பெரும்பிரிவுகளில் இருந்தே தொடங்குகிறோம். அதற்குக் கீழேதான் புரொட்டிஸ்டா, பங்கசு (பூஞ்சை), தாவரம், விலங்கு என்ற இராச்சியங்கள், உங்கள் 'உலகங்கள்', வரும். பிள்ளைகள் குழம்பவில்லை. ஆகவே ஆர்க்கியாவைப் பற்றிச் சொல்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஐயா சொன்ன ஒற்றை வசனம் கொஞ்சம் குறைவு. உப்பளத்தில் உப்பு விளையும் பாத்தி சில காலம் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ட பிள்ளைகள் இங்கே உண்டு. அந்த நிறத்துக்கு உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களும் ஒரு காரணம் என்று சொன்னால் அவர்கள் மறப்பதில்லை. வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கம் உங்களுக்கும் உப்பளம் இருக்கிறதல்லவா?

எனக்கு ஒரு சந்தேகம். சாகாசம் போன்ற கடற்பாசிகளை நாங்கள் புரொட்டிஸ்டாவில் வைத்துப் படிப்பிக்கிறோம். உங்கள் பக்கத்துப் புத்தகங்களில் பாசிகள் தாவரத்தோடு நிற்கின்றன. இணையத்தில் இரண்டையும் பார்க்கும் பிள்ளை "எது சரி, சேர்?" என்று கேட்கிறது.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

உப்பளம் நல்ல எடுத்துக்காட்டு, ஒத்துக்கொள்கிறேன். கண்ணால் காணக் கிடைக்கிற ஊரில் கட்டாயம் சொல்லலாம்.

பாசி விஷயத்தில் இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள். பல செல்களால் ஆன சிவப்பு, பழுப்பு, பச்சைப் பாசிகளை விட்டேக்கர் தாவரங்களோடுதான் வைத்தார். பிறகு லின் மார்குலிஸ் ஐந்துலகத்தைத் திருத்தியபோது அவற்றைப் புரோட்டிஸ்டா பக்கம் தள்ளினார். தாவரம் என்றால் கருவைத் தாய்ச்செடி தாங்கி வளர்க்க வேண்டும் என்பது அவர் வைத்த எல்லை. உங்கள் பாடத்திட்டம் மார்குலிஸ் வழி, எங்களுடையது விட்டேக்கர் வழி. இன்றைய மரபணுக் கணக்கில் பச்சைப் பாசிகள் செடிகளுக்கு நெருங்கிய சொந்தம். சாகாசம் போன்ற பழுப்புப் பாசிகளோ டயாட்டங்கள் என்ற ஒரு செல் பாசிகளின் பக்கம் போய்விடுகின்றன. வெற்றிலைக் கொடியை வாடவைக்கும் பைட்டாப்தோராவும் அந்தப் பக்கம்தான். அதை நாங்கள் பூஞ்சை என்று சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருப்பதைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்! விடைத்தாளில் அவரவர் பாடநூல் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாடம் பாதி முடிந்திருக்கிறது. அசோலா தகடு முதல் தடவை ஒரே பச்சைக் குழம்பாக இருந்தது. செதில்களை மட்டும் பிய்த்துப் போட்டதும் மாலைகள் வந்துவிட்டன. நுண்ணோக்கிக்கு முன்னால் வரிசை மதிய உணவு மணி அடித்தும் கலையவில்லை. "உட்கரு எங்கே டீச்சர், காணோம்" என்று ஒரு பெண் புகார் சொன்னாள். அதற்காகத்தானே இவ்வளவு பாடு!

செடிக் கட்சிக்கும் விலங்குக் கட்சிக்கும் நடந்த வாதத்தில் சத்தம் அதிகமாகித் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது புதுச் சிக்கல். வீட்டில் இருப்பவற்றில் எதை எந்த உலகத்தில் வைப்பது என்று குழம்புகிறார்களோ அதைக் கொண்டுவாருங்கள் என்றேன். மண்புழு உரம், இட்லி மாவு, கருவாடு எல்லாம் வந்தன. ஒரு பையன் அவன் அம்மாவின் பிரியாணி மசாலா டப்பாவிலிருந்து கல்பாசியை எடுத்து வந்திருக்கிறான். பாசி என்று ஒரு கூட்டம், மரப்பட்டை என்று இன்னொரு கூட்டம். அது லைக்கன் என்று எனக்குத் தெரியும். எந்த உலகம் என்று எழுதிப் போடுவது?

பழைய நுண்ணோக்கி எழுதியது:

அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்தபோது இது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது.

கல்பாசி ஓர் உயிரி அல்ல, கூட்டுக் குடித்தனம். பூஞ்சை இழைகள் பின்னிய உடலுக்குள் பச்சைப் பாசியின் செல்கள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு ஆக்குகிறது. பூஞ்சை இடமும் ஈரமும் கொடுத்து அந்த உணவை உறிஞ்சுகிறது. லைக்கன் என்பது இரட்டை உயிரி என்று 1860களின் இறுதியில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியிலேயே ஊறிய பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர் சொன்னதுதான் நின்றது. சில லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் சேர்ந்து குடியிருக்கிறது என்று 2016 இல் கண்டிருக்கிறார்கள், ஆக மூன்றாவது ஆளும் உண்டு. லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சையின் பெயராகவே கொள்ளப்படுகிறது. ஆகையால் பட்டியலில் எழுத வேண்டுமென்றால் பூஞ்சைகள் என்று எழுதி, பக்கத்தில் "பாசியும் உண்டு" என்று குறித்துவிடுங்கள். வகுப்பில் எழுதிப் போடாதீர்கள், முதலில் தகட்டில் காட்டுங்கள்.

பெரிய, முழு இதழாக உள்ள துண்டாகப் பொறுக்குங்கள். தூளில் ஒன்றும் தெரியாது. சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். காய்ந்த நிலையில் சாம்பல் நிறமாக இருக்கும் மேற்பக்கம் ஊறியதும் பச்சைச் சாயல் காட்டும், அடிப்பக்கம் கறுப்பாகவே இருக்கும். அந்த நிறமாற்றத்தையே பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். பிறகு புதுப் பிளேடால் குறுக்காக மெல்லிய சீவல்கள் எடுத்து, அவற்றில் மிக மெல்லியதைச் சொட்டுத் தண்ணீரில் போட்டு இரண்டு ஊசிகளால் பிய்த்து விடுங்கள். பிளேடு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். நாற்பது மடங்கு லென்சில் நிறமில்லாத இழைகளும், நடுவில் சிக்கிக்கொண்ட உருண்டைப் பச்சைச் செல்களும் தெரியும். சரக்கு பழசானால் பச்சை வெளுத்துப்போய்த் தெரியாது. அப்படியானால் மளிகைக் கடையில் புதிதாகப் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இட்லி மாவையும் விட்டுவிடாதீர்கள். மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் காரணம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள், பல ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்கிறோம். அதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுடையது. ஈஸ்ட் காட்ட வேண்டுமென்றால் பேக்கரி ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முட்டை வடிவச் செல்லின் ஓரத்தில் மொட்டு விட்டிருக்கும். ஒரே செல்தான், ஆனாலும் பூஞ்சை. "ஒரு செல் என்றால் புரோட்டிஸ்டா" என்று எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் அதை நீட்டுங்கள்.

தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லாமல் போனாரென்றால் நல்ல சகுனம்தான். அடுத்த தடவை அவரையும் ஒரு கட்சியில் சேர்த்துவிடுங்கள்.